ஆக்டிவேட் ஆனால் போதுமா? அலுவலகக் கணினியும் சாஃப்ட்வேர் லைசென்ஸும்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் கணினிக்கு ஒரு கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள். ப்ராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினட், மானிட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனி விலை. விண்டோஸுக்குப் பெரும்பாலும் வரி இருக்காது. கேட்டால் அசல் விண்டோஸும் அங்கேயே கிடைக்கும், பலர் கேட்பதில்லை. ஆனால் சிஸ்டம் ஆபீஸுக்கு வந்து சேரும்போது விண்டோஸ் ப்ரோ, எம்எஸ் ஆபீஸ், சில சமயம் போட்டோஷாப்பும் கோரல்டிராவும்கூட உள்ளே உட்கார்ந்திருக்கும். "எல்லாம் போட்டாச்சு சார், ஆக்டிவேட்டும் ஆயிடுச்சு" என்பார் கொண்டுவந்த சர்வீஸ்காரர்.

ஆக்டிவேஷன் என்பது சாஃப்ட்வேர் தனக்குத்தானே செய்துகொள்ளும் ஒரு சோதனை. லைசென்ஸ் என்பது அதைப் பயன்படுத்த உரிமையாளர் கொடுக்கும் அனுமதி. கள்ளச்சாவி போட்டாலும் பூட்டு திறக்கும். அதனால் வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்துவிடாது. சிறு நிறுவனங்களில் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் வருகிறது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் வைத்திருக்கிறது. ஆகவே நாம் காசு கொடுத்து வாங்குவது நிரலை அல்ல. அதைக் குறிப்பிட்ட அளவில் பயன்படுத்தும் உரிமையை. அந்த அளவு ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்களாக இருக்கும்: எத்தனை கணினி, எத்தனை பேர், எந்த நோக்கத்துக்கு, எதுவரை. இந்த நான்கில் எதை மீறினாலும் அது திருட்டுப் பயன்பாடுதான், சாஃப்ட்வேர் அசல் கம்பெனி தளத்திலிருந்தே இறக்கியதாக இருந்தாலும்.

உங்கள் விண்டோஸ் எந்த வகை?

பேசிக்கொண்டிருப்பதைவிடப் பார்த்துவிடலாம். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, அதோடு ஒட்டி டிஎல்ஐ என்ற மூன்று எழுத்துகளை அடித்து என்டர் தட்டுங்கள். சில விநாடிகளில் ஒரு ஜன்னல் திறக்கும். அதில் டிஸ்கிரிப்ஷன் என்ற வரியின் கடைசியில் 'சேனல்' என்று ஒன்று இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

ஓஇஎம் என்று வந்தால் கணினியோடு சேர்த்து விற்ற லைசென்ஸ். பிராண்டட் லேப்டாப்களில் இதுதான் இருக்கும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து அதன் கீ மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே பதிந்திருக்கிறது. ஃபார்மட் செய்தாலும் தானாகத் திரும்பி வரும். ஆனால் அந்தக் கணினியோடு பிறந்து அதனோடே முடிந்துவிடும். பழைய லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு அதன் விண்டோஸைப் புதியதற்கு எடுத்துப்போக முடியாது. ரீடெயில் என்று வந்தால் தனியாக வாங்கியது. பழைய கணினியிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போடலாம்.

வால்யூம் எம்ஏகே, வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் என்ற இரண்டும் நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுப்பவை. எம்ஏகே என்பது ஒரே கீயை ஒப்பந்தத்தில் சொன்ன எண்ணிக்கை வரை ஆக்டிவேட் செய்ய விடும் முறை. கேஎம்எஸ் வேறு மாதிரி: நிறுவனம் தன் வளாகத்துக்குள்ளேயே ஒரு சர்வரை வைத்துக்கொள்ளும், மற்ற கணினிகள் அதனிடம் அனுமதி கேட்கும். அந்தச் சர்வரிடம் குறைந்தது 25 கணினிகள் கேட்ட பிறகுதான் அது விண்டோஸ் கணினிகளுக்கு அனுமதி தரத் தொடங்கும். கொடுத்த அனுமதி 180 நாள் செல்லும். கணினி 7 நாளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள முயலும்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஆறு கணினி உள்ள ஒரு ஆபீஸ், சொந்தமாகக் கேஎம்எஸ் சர்வர் எதுவும் கிடையாது, ஆனால் திரையில் கேஎம்எஸ் கிளையன்ட் என்று வருகிறது. போலி சர்வர் ஒன்று அதே கணினிக்குள்ளோ, இணையத்தில் யாரோ ஒருவரிடமோ ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் அநேகமாக இருக்காது. 180 நாளுக்குள் புதுப்பித்தாக வேண்டும் என்பதால், இந்த ஆக்டிவேட்டர்கள் வழக்கமாக, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையைப் பதிந்துவைத்து உயர்ந்த அதிகாரத்தில் நிரந்தரமாக ஓடும். அதற்காகத்தான் நிறுவும்போது "ஆன்டிவைரஸை அணைத்துவிடு" என்கிறார்கள். வீட்டுக்குள் யார் என்றே தெரியாத ஒருவருக்கு நிர்வாகி அதிகாரம் கொடுத்து, காவலையும் எடுத்துவிட்ட நிலை. ஸ்டாப் அல்லது டிஜேவு என்று அழைக்கப்படும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் குடும்பம் பெரும்பாலும் பரவியதே பூட்டை உடைக்கும் இப்படிப்பட்ட கிராக்குகள் வழியாகத்தான்.

ரீடெயில் என்று வந்துவிட்டால் நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. டிஜிட்டல் லைசென்ஸையே குறுக்கு வழியில் உருவாக்கிவிடும் முறைகளும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய்க்கு வரும் "லைஃப்டைம் கீ"களும் இருக்கின்றன. இவற்றில் பல, எங்கோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த எம்ஏகே கீயாகவோ, டெவலப்பர்கள் சோதனைக்காகப் பெற்ற கீயாகவோ இருக்கும். நன்றாகவே ஆக்டிவேட் ஆகும். எண்ணிக்கை எகிறுவதை மைக்ரோசாஃப்ட் கவனித்துக் கீயைத் தடுத்துவிட்டால் ஒரு நாள் காலையில் நின்றுபோகும். விற்றவர் கணக்கும் அதற்குள் மாயமாகியிருக்கும். திரை காட்டுவது பாதி. மீதிப் பாதி பில்லில் இருக்கிறது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது, எங்கே உடைகிறது

ஆரம்ப காலச் சீரியல் கீ வெறும் கணக்கு. அடிக்கும் எண்ணுக்குள் ஒரு சூத்திரம் ஒளிந்திருக்கும். பொருந்தினால் சாஃப்ட்வேர் திறக்கும். அந்தச் சூத்திரம் சாஃப்ட்வேருக்குள்ளேயே இருப்பதால், அதைப் பிரித்துப் படித்தவர் எத்தனை கீ வேண்டுமானாலும் தயாரிக்கலாம். கீஜென் என்பது இதுதான்.

அடுத்து வந்தது டிஜிட்டல் கையொப்பம். கம்பெனியிடம் ஒரு ரகசியக் குறியீடு, சாஃப்ட்வேருக்குள் அதன் ஜோடியான பொதுக் குறியீடு. "இன்ன நிறுவனம், 5 பயனர், அடுத்த மார்ச் வரை" என்று எழுதிய லைசென்ஸ் கோப்பில் ரகசியக் குறியீட்டால் கையொப்பமிட்டுத் தருவார்கள். யாராவது 5 என்பதை 50 ஆக்கினால் கையொப்பம் பொருந்தாது. ரகசியக் குறியீடு கம்பெனியை விட்டு வெளியே வராததால் கீஜென் எழுத வழியில்லை.

அப்படியானால் கிராக் எப்படி வருகிறது? கையொப்பத்தை யாரும் போலி செய்வதில்லை. சோதிக்கும் இடத்தையே அகற்றிவிடுகிறார்கள். "பொருந்தாவிட்டால் நிறுத்து" என்ற கட்டளையை "எப்படியிருந்தாலும் தொடர்" என்று மாற்றிவிட்டால் போதும். இதனால் ஒரு பயனுள்ள தடயம் மிஞ்சுகிறது. பெரிய கம்பெனிகள் நிரலை ஓட்டும் எக்ஸி கோப்பிலும் கையொப்பமிடுகின்றன. அதில் ஒரு பைட் மாறினாலும் அது செல்லாது. சந்தேகமான நிரலின் எக்ஸி கோப்பை ரைட் கிளிக் செய்து, ப்ராபர்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பகுதியைப் பாருங்கள். பெரிய கம்பெனி சாஃப்ட்வேரில் அந்தப் பகுதியே இல்லை என்றாலோ, கையொப்பம் செல்லாது என்று வந்தாலோ யாரோ கை வைத்திருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு தடயம் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள், டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்ற இடத்தில் இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பு. சில கிராக்குகள் போட்ட கணினியில் அதை நோட்பேடில் திறந்தால், அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 என்ற எண்ணுக்கு எதிரே சாஃப்ட்வேர் கம்பெனியின் சர்வர் பெயர்கள் வரிசையாக எழுதியிருக்கும். நிரல் தன் தலைமையகத்தோடு பேசாதபடி வாயைக் கட்டும் ஏற்பாடு.

சாஃப்ட்வேர் ஓடக் கணினியில் செருகியிருக்க வேண்டிய டாங்கிள் என்ற சிறு கருவி இன்னும் பிடிவாதமானது. முன்பு பிரிண்டர் போர்ட்டில் செருகினார்கள், இப்போது யூஎஸ்பி. சென்டினல், கோட்மீட்டர் போன்றவை பரவலானவை. சாஃப்ட்வேர் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும். டாங்கிளுக்குள் பூட்டியிருக்கும் ரகசியக் குறியீட்டால் அதை மாற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் எண் வேறு என்பதால் பழைய பதிலைப் பதிந்துவைத்துப் பயனில்லை. நடைமுறையில் டாங்கிளுக்கு எதிரி ஹேக்கர் இல்லை, துடைப்பம். சிபியூவின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் டாங்கிள், சுத்தம் செய்யும்போது இடிபட்டு உடையும். உடைந்த துண்டு கையில் இருந்தால் பல கம்பெனிகள் மாற்றித் தரும்; தொலைந்துபோனால் புது லைசென்ஸ் விலைதான் கேட்பார்கள். பின்பக்கம் செருகுங்கள். ஆபீஸ் இன்ஷூரன்ஸில் அதன் மதிப்பை யூஎஸ்பி விலையாக இல்லாமல் சாஃப்ட்வேர் விலையாகப் போடுங்கள்.

கிண்டி, அம்பத்தூர் எஸ்டேட்டுகளில் உள்ள டிசைன் ஆபீஸ்களில் அதிகம் பார்ப்பது ஃப்ளோட்டிங் லைசென்ஸ். 12 டிசைனர், 5 லைசென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளெக்ஸ்நெட் போன்ற ஒரு லைசென்ஸ் சர்வர் வரிசையில் வருபவருக்கு ஒன்று கொடுக்கும், ஆறாவது ஆளை மறுக்கும். இதில் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்வார்கள். லைசென்ஸ் கோப்பு பெரும்பாலும் சர்வரின் நெட்வொர்க் கார்டு முகவரியோடு கட்டப்பட்டிருக்கும். இடி மின்னலில் போர்டு போய் மாற்றினால் 12 பேருக்கும் வேலை நின்றுவிடும். புதிய முகவரிக்குக் கோப்பை மாற்றி வாங்க ஓரிரு வேலை நாள் ஆகலாம் என்பதால், தொடர்பு கொள்ள வேண்டிய மின்னஞ்சலும் வாடிக்கையாளர் எண்ணும் சர்வர் மேலேயே ஒட்டியிருக்கட்டும். இரண்டாவது, சாஃப்ட்வேரைத் திறந்தே வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள். சும்மா கிடக்கும் லைசென்ஸைத் திரும்பப் பெறும் நேரத்தை லைசென்ஸ் சர்வரின் ஆப்ஷன்ஸ் கோப்பில் அமைக்கலாம். இதைச் செய்யாமலே "லைசென்ஸ் பத்தவில்லை" என்று ஆறாவதை வாங்குபவர்கள் உண்டு. கிராக் தேடுபவர்களும் உண்டு.

ஒரு சிஸ்டம், ஐந்து ரிமோட்

சென்னையின் நடுத்தர வியாபாரங்களில் அடிக்கடி பார்க்கும் மீறல் கிராக் போட்டோஷாப் மட்டும் இல்லை, ஒரே சிஸ்டத்தில் பலர் ஒரே நேரத்தில் ரிமோட்டில் நுழைவதும்தான். தி.நகரில் கடை, மாதவரத்தில் குடோன், கணக்கர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலி மட்டும் ஒரே கணினியில் இருக்கிறது. விண்டோஸ் ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான், வேறிடத்திலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பில் இருக்க முடியும். இன்னொருவர் நுழைந்தால் முதலாமவர் வெளியே தள்ளப்படுவார். இதைத் தாண்ட, டெர்ம்எஸ்ஆர்வி என்ற சிஸ்டம் கோப்பின் வேலையை மாற்றும் ஒரு பேட்சைப் போட்டுத் தருகிறார்கள். ஐந்து பேர் ஒரே நேரத்தில் நுழைகிறார்கள், எல்லாருக்கும் சந்தோஷம்.

அடுத்த விண்டோஸ் அப்டேட் அந்தக் கோப்பைப் புதிதாக மாற்றும். திங்கட்கிழமை காலை யாராலும் நுழைய முடியாது. சர்வீஸ்காரர் வந்து பேட்சைத் திரும்பப் போட்டுவிட்டு, "இனிமே இந்தப் பிரச்சனை வராது" என்று அப்டேட்டையே அணைத்துவிட்டுப் போவார். வெளியிலிருந்து நுழைய வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 என்ற போர்ட்டை ஏற்கெனவே திறந்துவிட்டிருப்பார். அப்டேட் இல்லாத விண்டோஸ், இணையம் பார்த்துத் திறந்த கதவு, எல்லாருக்கும் ஒரே எளிய பாஸ்வேர்டு. அந்தப் போர்ட்டைத் தேடி நாள் முழுக்க உலகெங்கும் தானியங்கி நிரல்கள் தட்டிக்கொண்டே இருக்கின்றன. ஒரு இரவில் டேலி டேட்டா ஃபோல்டர் முழுவதும் பூட்டப்பட்டு, பணம் கேட்டு ஒரு கோப்பு கிடக்கும். பேக்கப் பென்டிரைவ் அதே கணினியில் செருகியிருந்தால் அதுவும் போயிற்று.

முறையான வழி: விண்டோஸ் சர்வர் லைசென்ஸ், அதை அணுகும் ஒவ்வொருவருக்கும் சிஏஎல் என்ற அணுகல் உரிமம், ரிமோட்டில் வருபவர்களுக்குக் கூடுதலாக ஆர்டிஎஸ் சிஏஎல், டேலியில் பலர் வேலை செய்யச் சில்வர் பதிப்புக்குப் பதில் கோல்டு பதிப்பு, வெளியிலிருந்து வருபவர்களுக்கு விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பு. செலவு உண்டு, மறுப்பதற்கில்லை. ஐந்து பேருக்குள் என்றால் இதே தேவையைக் கிளவுடில் வாடகைக்கு எடுத்துத் தருபவர்களிடமும் விலை கேளுங்கள். பல சமயம் அது மலிவாக முடியும். சர்வரில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆர்டிஎஸ் சிஏஎல் இல்லாவிட்டால் 120 நாள் கழித்து விண்டோஸே தடுக்கும். சாதாரண சிஏஎல்லை அது எண்ணுவதே இல்லை. 30 பேர் ஒரு சிஏஎல்கூட இல்லாமல் வருடக்கணக்கில் ஃபைல் சர்வரைப் பயன்படுத்தலாம், எந்த எச்சரிக்கையும் வராது; சாஃப்ட்வேர் கம்பெனியின் தணிக்கைக் கடிதம் வரும்போதுதான் தெரியும்.

தெரியாமல் மீறுவது

லேப்டாப்போடு வந்த ஆபீஸ் 'ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்' அசல்தான். ஆனால் வீட்டுக்கும் படிப்புக்கும் கொடுத்தது, வியாபாரத்துக்கு இல்லை. ரிமோட்டில் இணைக்கும் டீம்வியூவரின் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு. ஆபீஸ் உபயோகம் என்று சந்தேகித்தால் இணைப்பைச் சில நிமிடங்களில் அறுத்துவிடும். கோப்புகளைச் சுருக்கும் வின்ராரின் 40 நாள் சோதனைக் காலம் முடிந்தும் அது திறந்துகொண்டேதான் இருக்கும், அதற்காக இலவசம் ஆகிவிடாது. அதே வேலையை இலவசமாகச் செய்யும் 7-ஜிப் போட்டுவிட்டால் அந்தக் கவலையே இல்லை. அடோபியில் ஒருவர் கணக்கை இரண்டு கணினிகளில் வைத்துக்கொள்ளலாம், ஒரு நேரத்தில் ஒன்றில்தான் வேலை செய்யலாம். ராயப்பேட்டை டிடிபி கடையில் நான்கு ஆபரேட்டர்கள் ஒரே லாகினில் வேலை செய்வது ஒப்பந்தத்தில் இல்லாத ஏற்பாடு. ஃபான்ட்டும் சாஃப்ட்வேர்தான், அதற்கும் லைசென்ஸ் உண்டு என்பது அச்சுத் தொழிலில் பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

பிரைவேட் லிமிடெட் நிறுவனங்களுக்கு இன்னொரு கயிறு இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு எழுதும் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று கம்பெனி கணக்கு விதிகள் சொல்கின்றன. அந்த வசதி இருந்ததா, வருடம் முழுக்க ஓடியதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுதியாக வேண்டும். கிராக் செய்த பழைய பதிப்பில் இந்த வசதி இருக்காது. வக்கீல் நோட்டீஸ் வராவிட்டாலும் ஆடிட் அறிக்கையில் அது தெரிந்துவிடும். தனி உரிமையாளர், கூட்டாண்மை நிறுவனங்களுக்கு இந்த விதி பொருந்தாது.

செலவைக் குறைக்க நேர்வழிகள் இருக்கின்றன. பத்துப் பேர் ஆபீஸில் எக்செல் மேக்ரோ உண்மையில் வேண்டியவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்களுக்கு லிப்ரேஆபீஸ் போதும். வணிகப் பயன்பாட்டுக்கும் அது இலவசம். மத்திய அரசின் சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இயங்குதளமான பாஸ் லினக்ஸும் அப்படித்தான். வாங்குவதை ஜிஎஸ்டி பில்லோடு வாங்கினால் கட்டிய 18 சதவீதத்தை ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் பெரும்பாலும் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். விலையை ஒப்பிடும்போது பலர் இதைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள். பில்லில் விற்பவரின் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33 என்று தொடங்கும், ஜிஎஸ்டி தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். பொருள் பெயரில் "சாஃப்ட்வேர்" என்று மொட்டையாக இல்லாமல் எந்தப் பதிப்பு, எந்த வகை, எத்தனை என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

சொந்தமாகப் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதி விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கையொப்பமிட்ட லைசென்ஸ் கோப்பு போதுமான பூட்டு; அதற்குமேல் ஏற்றும் ஒவ்வொரு பூட்டும் காசு கொடுத்தவரைத்தான் முதலில் படுத்தும். கணினியை அடையாளம் காண ஒரே ஒரு பாகத்தை நம்பாதீர்கள். மதர்போர்டு, டிஸ்க், நெட்வொர்க் கார்டு என்று ஐந்து அடையாளம் எடுத்து மூன்று பொருந்தினால் விட்டுவிடுங்கள். தினமும் இணையத்தில் சரிபார்க்கும் லைசென்ஸ் இந்த ஊருக்கு ஆகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்டும் நெட்டும் இல்லை. 30 நாள் அவகாசம் வையுங்கள். காலக்கெடு முடிந்தால் புதுப் பில் போடுவதை நிறுத்தலாம், பழைய கணக்கைப் பார்க்கவும் ஏற்றுமதி செய்யவும் விட வேண்டும். அந்தத் தரவு வாடிக்கையாளருடையது.

நோட்டீஸ் வந்தால்

பல பொறியியல் சாஃப்ட்வேர்கள், தங்கள் கிராக் பதிப்பு எங்கே ஓடுகிறது என்று தாமே செய்தி அனுப்பும்: கணினியின் பெயர், நெட்வொர்க் கார்டு முகவரி, ஐபி முகவரி, பயன்படுத்திய தேதிகள். அதனால்தான் கடிதத்தில் உங்கள் ஆபீஸ் கணினியின் பெயரே இருக்கும். பதிப்புரிமைச் சட்டம் கடுமையானது. திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 63-பி பிரிவின்கீழ் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபாரத்துக்காக இல்லாதபோது சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. ஆபீஸுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. உரிமையை மீறும் நோக்கில் பூட்டை உடைப்பது 2012 திருத்தத்தில் வந்த 65-ஏ பிரிவின்படி தனிக் குற்றம், 2 வருடம் வரை சிறை. நிறுவனம் செய்தால் பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளி. "சர்வீஸ்காரர் போட்டது" என்பது நல்ல பதில் ஆகாது. சிவில் வழக்கு என்றால் நீதிமன்றம் அட்வகேட் கமிஷனரை நியமித்து, முன்னறிவிப்பில்லாமல் வந்து கணினிகளைப் பார்க்கச் சொல்லலாம்.

முதலில் கடிதம் உண்மையா என்று பாருங்கள். இந்தப் பயத்தை வைத்துப் பிழைக்கும் மோசடி மின்னஞ்சல்களும் சுற்றுகின்றன. அனுப்பியவரை, கடிதத்தில் உள்ள எண்ணில் இல்லாமல், கம்பெனியின் தளத்தில் உள்ள எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். பிறகு ஒரு எக்செல் தாளில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு வரி: பயன்படுத்துபவர், நிறுவியிருக்கும் ஒவ்வொரு சாஃப்ட்வேரின் பதிப்பு, அதன் பில் எண், தேதி. எதிரே பில் இல்லாத கட்டங்கள்தான் உங்கள் பொறுப்பின் அளவு. அந்தத் தாளோடு வக்கீலைப் பாருங்கள், எண்ணிக்கையைப் போனில் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான கடிதங்கள் லைசென்ஸ் வாங்கி உடன்பாட்டுக்கு வருவதில் முடிகின்றன. பயத்தில் இரவோடு இரவாக அழிப்பதுதான் நிலைமையை மோசமாக்கும். சாட்சியத்தை அழித்தது தனிக் குற்றச்சாட்டாக வளரும், அழித்த தேதியும் நேரமும் விண்டோஸின் பதிவுகளில் பல சமயம் தங்கிவிடும். வக்கீல் சொல்லும்வரை எந்தச் சிஸ்டத்தையும் ஃபார்மட் செய்யக் கூடாது என்று சர்வீஸ்காரருக்கு எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.